தோல் தொழிலுக்கு மதிப்புத் தேடித் தந்த டாக்டர் நாயுடம்மா

சைதாப்பேட்டையில் பஸ் ஏறி, மறைமலை அடிகள் பாலத்தைத் தாண்டினால் சின்னமலை வரும். அதற்கு அப்பால் கிண்டி. அங்கே இடது பக்கம் திரும்பி, அடையாறு செல்லும் சர்தார் பட்டேல் சாலையில் சிறிது தூரம் போனால், மரங்கள் அடர்ந்த ஒரு பெரிய வளாகம் கண்ணில் படும். அதுதான் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம்.

தோல் ஆராய்ச்சிக்காக உலகில் உள்ள மிகப் பெரிய நிலையங்களில் இதுவும் ஒன்று. நாம் காலில் போடும் செருப்பு, இடுப்பில் கட்டும் பெல்ட், கையில் தூக்கும் பை இவற்றுக்கெல்லாம் வேண்டிய தோலைப் பற்றி இங்கே விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். இந்த நிலையத்தை உலகம் அறியச் செய்தவர் டாக்டர் நாயுடம்மா.

பெயரைக் கேட்டதும் யாரோ ஓர் அம்மையார் என்று எண்ணிவிட வேண்டாம். அவர் ஆண்தான். முழுப் பெயர் எலவர்த்தி நாயுடம்மா.

உழவர் வீட்டுப் பிள்ளை

ஆந்திராவில் அப்போதைய குண்டூர் மாவட்டத்தில், தெனாலிக்குப் பக்கத்தில் எலவர்ரு என்று ஒரு கிராமம். அந்தக் கிராமத்தில் 1922-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி நாயுடம்மா பிறந்தார். விவசாயக் குடும்பம். அந்த நாளில் அந்தப் பகுதி முழுவதும் சென்னை ராஜதானியைச் சேர்ந்தது.

பையன் நன்றாகப் படித்தான். காசிக்குப் போய், இந்துப் பல்கலைக் கழகத்தில் ரசாயனத் தொழில் நுட்பம் கற்றான். ரசாயனம் படித்தவருக்கு அப்போது எத்தனையோ வழிகள் இருந்தன. சர்க்கரை ஆலைக்குப் போகலாம். சோப்புத் தொழிற்சாலைக்குப் போகலாம். சர்க்கார் உத்தியோகம் பார்க்கலாம்.

நாயுடம்மா தேர்ந்தெடுத்தது தோல்!

சென்னையில் தோல் தொழில் கற்பிக்கும் கல்விக்கூடம் ஒன்று 1915-ம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டிருந்தது. அதில் வந்து சேர்ந்தார்.

இது சாதாரண முடிவு அல்ல. தோல் தொட்டவனைத் தொடக் கூடாது என்று எண்ணிய காலம் அது. செத்த மாட்டின் தோலை உரித்துப் பதப்படுத்தும் மக்களை ஊருக்கு வெளியே குடிவைத்தார்கள். அவர்கள் செய்த செருப்பை மட்டும் ஊரே போட்டுக்கொண்டது. மேல்சாதி, கீழ்சாதி என்ற பேதம் தோல் தொட்டியின் ஓரத்தில் வந்து நின்றது. படித்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிய இடத்துக்கு அந்த உழவர் வீட்டுப் பிள்ளை தானாகவே போனார்.

துவர்ப்பு செய்யும் வேலை

பச்சைத்தோலை அப்படியே விட்டால் என்ன ஆகும்? ஈரமாக இருந்தால் அழுகும். காய்ந்தால் பலகை போல் விறைக்கும். அழுகாமலும் விறைக்காமலும், வளைந்து கொடுக்கும்படி அதை மாற்றுவதற்குத்தான் பதனிடுதல் என்று பெயர்.

நம் நாட்டில் இதற்கு உதவியவை மரமும் செடியும்தான். வாழைப்பூவிலும் கடுக்காயிலும் ஒரு துவர்ப்பு இருக்கிறது அல்லவா? நாக்கைச் சுருக்கும் அந்தத் துவர்ப்புச் சத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் டானின். நாக்கில் வேலை செய்வது போலவே அது தோலிலும் வேலை செய்கிறது. தோலில் உள்ள நுண்ணிய நார்களைப் போய்ப் பற்றிக்கொள்கிறது. பிறகு அந்த நார்களைக் கிருமிகள் எளிதில் தின்ன முடியாது. தோல் அழுகுவதில்லை.

பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது ஆவாரம்பூ வைக்கிறோம். அந்த ஆவாரஞ் செடியின் பட்டையில் இந்தச் சத்து நிறைய உண்டு. முதலில் தோலை ஊறவைத்துக் கழுவுவார்கள். அடுத்து சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு முடியை நீக்குவார்கள். உட்புறம் ஒட்டியிருக்கும் சதையைக் கத்தியால் சீவுவார்கள். சுண்ணாம்பு போகக் கழுவிய பிறகு பட்டைத் தொட்டியில் இறக்குவார்கள். முதலில் நீர்த்த சாறு, பிறகு திக்கான சாறு என்று தொட்டி தொட்டியாக மாற்றுவார்கள். கனமான தோல் என்றால் இந்த வேலை வாரக்கணக்கில் நடக்கும்.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். அதைத் தடுக்கக் கடுக்காய்த் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். பிறகு எண்ணெய் தடவினார்கள். இப்படித் தயாரான தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறியது. வியாபாரம் பெரியமேட்டுத் தோல் மண்டிகளில் நடந்தது.

இந்தக் கைமுறை தலைமுறை தலைமுறையாக வந்தது. ஆனால் ஏன் இப்படிச் செய்கிறோம் என்று தொழிலாளிக்குச் சொல்வார் இல்லை. தோலைத் தொட்டுப் பார்த்தும், சாற்றை நாக்கில் வைத்துப் பார்த்தும் பக்குவம் அறிந்தார்கள். அந்த அனுபவத்தோடு விஞ்ஞானத்தைச் சேர்ப்பதே நாயுடம்மாவின் வாழ்நாள் வேலை ஆயிற்று.

கடல் கடந்து படிப்பு

மேல்படிப்புக்காக அவர் இங்கிலாந்து சென்றார். பிறகு அமெரிக்கா போனார். அங்கே பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லீஹை பல்கலைக் கழகத்தில் தோல் ரசாயனம் ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவர் அமெரிக்காவிலேயே தங்கிவிடவில்லை. தாய்நாடு திரும்பினார்.

அதற்குள் நாடு விடுதலை அடைந்திருந்தது. 1948-ல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியிருந்தது. நாயுடம்மா அதில் சேர்ந்தார். 1958-ல் அதன் டைரக்டர் ஆனார். அப்போது அவருக்கு வயது நாற்பது கூட நிறையவில்லை!

தொட்டிக்கு வந்த விஞ்ஞானம்

ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாய்க்குள் முடிந்துவிடக் கூடாது என்பது அவர் கொள்கை. கல்லூரி, ஆராய்ச்சி நிலையம், தொழிற்சாலை மூன்றும் கைகோத்து நடக்க வேண்டும் என்று நினைத்தார். பக்கத்திலேயே அழகப்பச் செட்டியார் தொழில் நுட்பக் கல்லூரி இருந்தது. அங்கே தோல் தொழில் படித்த மாணவர்கள் நிலையத்தில் வந்து பயின்றார்கள். தோல் ஷாப்புகளை நடத்தியவர்களும் தங்கள் தொல்லைகளைக் கொண்டுவந்து நிலையத்தாரிடம் சொன்னார்கள்.

தொல்லைகள் பல இருந்தன. முதல் தொல்லை பட்டை. ஆவாரஞ் செடி தரிசில் தானாக வளர்வது. தோல் தொழில் பெருகப் பெருகப் பட்டைக்குப் பஞ்சம் வந்தது. ஆகவே வாட்டில் என்ற மரத்தின் பட்டையைத் தென் ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதி செய்தார்கள்.

அங்கேயும் ஒரு சிக்கல். தென் ஆப்பிரிக்க வெள்ளையர் ஆட்சி இந்திய மக்களை இழிவாக நடத்தியது. அதனால் 1946-ல் இந்தியா அந்த நாட்டோடு வியாபாரத்தையே நிறுத்தியது. மானம் பெரிதா, பட்டை பெரிதா என்ற கேள்விக்கு நாடு மானமே பெரிது என்று பதில் சொன்னது. பிறகு கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பட்டை வந்தது. ஆனால் அன்னியச் செலாவணி கரைந்தது.

நம் காடுகளிலும் தோட்டங்களிலும் கிடைப்பவற்றைக் கொண்டே சமாளிக்க முடியுமா? ஆராய்ச்சி நிலையம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. கொன்றைப் பட்டை, கருவேலம்பட்டை, கடுக்காய், டிவிடிவிக் காய், நம் மலைகளில் வளர்ந்த வாட்டில் பட்டை என்று ஒவ்வொன்றிலும் எவ்வளவு டானின் இருக்கிறது, எதை எதோடு கலந்தால் தோல் நன்றாக வரும் என்று சோதித்தது.

இன்னொரு தொல்லை விலை. பாதி பதனிட்ட தோலை நாம் விற்றோம். வெளிநாட்டார் அதை வாங்கி மெருகேற்றி, செருப்பும் பையும் செய்து பல மடங்கு விலைக்கு விற்றார்கள். உழைப்பு நம்முடையது, லாபம் அவர்களுடையது. தோலை இங்கேயே முழுதாகத் தயாரித்து, இங்கேயே செருப்பாக்க வேண்டும் என்று தோல் ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். 1973-ல் மத்திய சர்க்கார் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கங்களில் செருப்புத் தொழிற்சாலைகள் பெருகின.

டெல்லியில் பதவி, கிராமத்தில் மனம்

1971-ல் நாயுடம்மாவுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே ஆண்டில் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் குழுவின் தலைமை டைரக்டராக டெல்லி சென்றார். நாடெங்கும் உள்ள பல தேசிய ஆராய்ச்சி நிலையங்கள் அவர் பொறுப்பில் வந்தன.

பெரிய பதவி வந்தும் அவர் கிராமத்தை மறக்கவில்லை. தெலங்கானாவில் பின்தங்கிய கரீம்நகர் மாவட்டத்தை ஆராய்ச்சி நிலையங்கள் தத்து எடுக்கச் செய்தார். விஞ்ஞானிகள் கிராமத்துக்குப் போய், மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வேலை செய்தார்கள்.

1977-ல் அந்தப் பதவியை விட்டார். சென்னைக்குத் திரும்பித் தம் பழைய நிலையத்தில் விஞ்ஞானியாகவே பணி செய்தார். நடுவில் 1981-82-ல் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார்.

நடுவானில் முடிந்த வாழ்வு

ஏழை நாடுகளின் வளர்ச்சி ஆராய்ச்சிக்கு உதவும் கனடா நாட்டு அமைப்பு ஒன்றில் அவர் ஆட்சிக் குழு உறுப்பினராக இருந்தார். அந்த வேலையாக 1985-ல் கனடா போனார். ஜூன் மாதம் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் ஊருக்குப் புறப்பட்டார்.

ஜூன் 23-ந் தேதி. அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் வானில் பறந்துகொண்டிருந்தபோது விமானத்தில் வைக்கப்பட்டிருந்த வெடிகுண்டு வெடித்தது. விமானம் சிதறிக் கடலில் விழுந்தது. அதில் இருந்த 329 பேரும் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் டாக்டர் நாயுடம்மா. வயது 62.

பட்டைத் தொட்டி சொல்லும் பாடம்

அவருடைய காலத்திலேயே குரோம் முறை எங்கும் பரவிவிட்டது. குரோமிய உப்பைக் கொண்டு ஒரே நாளில் தோலைப் பதனிட்டுவிடலாம். தோலும் மெல்லியதாக, மிருதுவாக இருக்கும். சென்னையில் அந்த முறையைச் சோதிக்கும் வேலையை 1903-லேயே ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் என்ற ஆங்கிலேயர் தொடங்கினார். கிணற்றில் நீர் இறைக்கும் கவலைத் தோலுக்கு அது ஏற்றது என்று கண்டார். இன்று உலகில் உற்பத்தியாகும் தோலில் பெரும்பகுதி குரோம் தோல்தான்.

வேகத்துக்கு ஒரு விலை உண்டு. கழிவு நீரைச் சுத்தம் செய்யாமல் விட்டதால் பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டன. நிலம் உவர்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. தோல் ஷாப்புகள் கழிவு நீரைச் சுத்தம் செய்தே தீர வேண்டும், நாசம் செய்தவர்களே நஷ்ட ஈடு தர வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது.

அதன் பிறகு பட்டை முறையின் மீது பலர் பார்வை திரும்பியது. பட்டையில் குரோமியம் இல்லை. அதில் பதனிட்ட தோல் பல ஆண்டு உழைக்கும். தமிழ்நாட்டின் கிழக்கிந்தியத் தோல் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

ஆனால் பட்டை முறை என்றாலே பாவம் இல்லை என்று எண்ணவும் கூடாது. தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பு அதிலும் உண்டு. பட்டைச் சாறு கலந்த கழிவு நீரும் சுத்தம் செய்ய வேண்டியதே. நீலகிரியிலும் பழனி மலையிலும் நட்ட வாட்டில் மரங்கள் மலைப் புல்வெளிகளில் பரவி, அங்கிருந்த இயற்கையைக் கெடுத்தன. வளர்வதற்கு மேல் எடுத்தாலும் கெடுதி, இடம் அறியாமல் நட்டாலும் கெடுதி.

ஆகவே பழைய முறையா, புதிய முறையா என்று சண்டை போடுவதில் பயன் இல்லை. எந்த முறையானாலும் அளவு அறிந்து, கழிவை அறிந்து, அந்த வேலையைச் செய்பவனின் நலம் அறிந்து செய்ய வேண்டும். அதற்கு ஆராய்ச்சிக் கூடமும் தோல் தொட்டியும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும்.

ஊர் ஒதுக்கிய ஒரு தொழிலைப் பல்கலைக் கழகப் பாடமாகப் படித்து, அதைச் செய்பவர்களுக்காகவே ஆராய்ந்தவர் டாக்டர் நாயுடம்மா. இன்று அந்த நிலையத்தில் எல்லாச் சாதியையும் சேர்ந்த ஆண்களும் பெண்களும் வெள்ளைக் கோட்டு அணிந்து, கூசாமல் தோலைக் கையில் எடுத்து ஆராய்கிறார்கள். அவருக்கு இதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் வேண்டியதில்லை.