தூத்துக்குடிக்குத் தண்ணீர் தந்த தலைவர்: ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து

தூத்துக்குடி என்றதும் நமக்கெல்லாம் முத்தும் உப்பும் துறைமுகமும் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் அந்த ஊரில் முத்தைவிட அரிதாக இருந்தது நல்ல தண்ணீர்! எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணிதான். 1866-இல் நகராட்சி வந்தது. 1876-இல் ரயில் வந்தது. பிறகு பஞ்சாலையும் வந்தது. குடிக்கத் தண்ணி மட்டும் வரவில்லை. காசு உள்ளவர் விலைக்கு வாங்கிக் குடித்தார். இல்லாதவர் வீட்டுப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்.

இந்த நிலையை மாற்றிய பெருமகன் குரூஸ் பர்னாந்து. 1869 நவம்பர் 15-ஆம் நாள் பரதவர் குலத்தில் பிறந்தவர். வ.உ.சி. சிறைப்பட்டு ஊரே கொதித்துப் போயிருந்த 1908-க்கு அடுத்த ஆண்டில் அவர் நகராட்சித் தலைவர் ஆனார். மொத்தம் ஐந்து முறை அந்த நாற்காலியில் அமர்ந்தார்.

தாமிரபரணித் தண்ணீரை வல்லநாட்டிலிருந்து குழாய் வழியாகக் கொண்டுவருவது என்பதே அவர் பிடித்த பிடி. இன்று கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். ஒரு பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன், அது லேசுப்பட்ட காரியம் அல்ல. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம். குழாயின் உள்ளே உரசி உரசியே தண்ணீரின் அழுத்தம் குறைந்துகொண்டு வரும். கடலோர உப்பு மண்ணோ இரும்பை அரித்துத் தின்னும். இதையெல்லாம் கணக்குப் போட்டுச் செய்வதற்கான பெருந்தொகை ஒரு நகராட்சியின் பெட்டியில் இருக்குமா? சென்னை அரசாங்கத்தின் அனுமதி வேண்டும், பணம் வேண்டும், ஊர் மக்களின் சம்மதமும் வேண்டும்.

முதல் தடவை தலைவரான 1909-க்கும் திட்டம் நிறைவேறிய 1927-க்கும் நடுவில் 18 வருஷம். பதவி போனது, வந்தது, எண்ணம் மாறவில்லை. ஊருக்குத் தண்ணீர் வந்து மூன்றே ஆண்டுகளில், 1930-இல், அவர் மறைந்தார்.

ஆசிய நாடுகளில் பொதுச் சேவை ஏன் சீர்ப்படவில்லை என்று பெரிய பெரிய மாநாடுகள் நடக்கின்றன. பணம் இல்லை என்பது பாதிக் காரணம்தான். எடுத்த காரியத்தை முடிக்கும்வரை விடாமல் நிற்கும் ஆள் இல்லை என்பதே மீதிப் பாதி. கம்போடியாவின் நோம் பென் நகரைப் பாருங்கள். 1993-இல் எக் சோன் சான் பொறுப்பேற்றபோது அங்கே 100 குடம் தண்ணீர் விட்டால் 72 குடம் கசிவிலும் களவிலும் போய்விடும். அவர் வருஷக்கணக்காக உழைத்து அதை ஏறக்குறைய 6 குடமாகக் குறைத்தார். 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் வந்தது. அங்கேயும் வேலை செய்தது அதே பிடிவாதம்தான்.

2008-இல் தூத்துக்குடி மாநகராட்சி ஆனது. வல்லநாட்டிலிருந்து நான்காவது குழாய்த் திட்டமும் வந்துவிட்டது. 2023-இல் குரூஸ் பர்னாந்துவுக்கு அரசு மணிமண்டபமும் திறந்தது. மாலை போடுவது நல்லதுதான். ஆனால் நம் கல்லூரியில் படித்து வெளியேறிய எத்தனை பேர் ஊராட்சி உறுப்பினராகவோ நகராட்சி உறுப்பினராகவோ இருக்கிறோம்? கிராம சபைக்காவது போகிறோமா? குழாயில் காத்து வந்தால் திட்டுவதோடு சரி என்று இருந்துவிடுகிறோம்.

சாயர்புரத்துப் பிள்ளைகள் நாலு பேராவது அவர் வழியில் நின்றால், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி என்றால் மிகையாகாது.