எஸ்தாக்கியுஸ்: நற்கதிர் என்னும் பெயர்



ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் புனிதர் ஒருவரின் பெயரை இடுவது திருச்சபையின் பழைய வழக்கம். அந்தோணி, சவேரியார், ஆரோக்கியம் என்னும் பெயர்கள் நம் வீடுகளில் ஏராளம். எஸ்தாக்கியுஸ் என்ற பெயரைக் காண்பதோ அரிது. கிரேக்க மொழியில் பிறந்த இப்பெயருக்கு நல்ல கதிர்களை உடையவர் என்று பொருள் கூறுவர். கேழ்வரகுக் கதிரைக் கண்டு வளர்ந்த நமக்கு இப்பொருளை விளக்க வேண்டுவதில்லை.

இப்பெயரை முதலில் விளங்கச் செய்தவர் உரோமைப் படைத்தலைவர் ஒருவர் என்பது மரபு. வேட்டையில் மானின் கொம்புகளிடையே சிலுவையைக் கண்டு மனந்திரும்பிய அவர், செல்வத்தையும் மனைவி மக்களையும் இழந்து, யோபுவைப்போல் பொறுமை காத்தார், இறுதியில் வேதசாட்சியானார். இவரது கதை ஐரோப்பா முழுவதும் பரவிற்று. பிரான்சில் எஸ்தாஷ் என்றும், இங்கிலாந்தில் யூஸ்டஸ் என்றும் பலர் இப்பெயரைத் தாங்கினர். ஈழத்துக் கத்தோலிக்கர் நடுவிலும் எஸ்தாக்கியார் நாடகம் கூத்தாக ஆடப்பட்டது. 1969-ஆம் ஆண்டு பொது நாள்காட்டியிலிருந்து இவரது விழா நீக்கப்பட்டாலும், செப்டம்பர் 20 இவருக்குரிய நாளாக நினைவுகூரப்படுகிறது.

தமிழ் மண்ணிலும் இப்பெயருடைய படைத்தலைவர் ஒருவர் வாழ்ந்தார். அவரே எஸ்தாக்கியுஸ் பெனடிக்டுஸ் டிலனாய். டச்சுக் கம்பெனியின் படையில் வந்த அவர், 1741-ல் குளச்சல் போரில் தோற்றுத் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்டார். சிறைப்படுத்திய அரசரே அவரது திறமையைக் கண்டு, தம் படைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பைத் தந்தார். காலப்போக்கில் அவர் வலிய கப்பித்தான் என்னும் உயர்ந்த நிலையை அடைந்தார். உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தினார். வடக்கே அவர் அமைத்த நெடுங்கோட்டையில் 1789-ல் திப்புவின் படை மோதியதே மூன்றாம் மைசூர்ப் போருக்கு வழிகோலியது. அப்போரின் முடிவில், 1792-ல், நமது பாராமகால் கம்பெனியாரின் ஆட்சிக்கு வந்தது.

ஆயினும் அவரது சிறப்பு கோட்டைகளில் மட்டும் இல்லை. அரண்மனை அலுவலரான நீலகண்டர் பெருந்துயருற்றிருந்தபோது, டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். துயரம் கடவுளின் சாபமன்று என்று அவர் மனந்தேறினார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று லாசரு ஆனார். கடவுள் துணை என்னும் பொருள்கொண்ட அந்த எபிரேயப் பெயர், கிரேக்கத்தின் வழியாக வந்து, தமிழில் தேவசகாயம் என மலர்ந்தது.

1749-ல் தேவசகாயம் சிறைப்பட்டார். 1752 ஜனவரி 14-ல் காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிர்துறந்தார். அவரைத் தண்டித்த அரசரின் சேவையிலேயே டிலனாய் இருந்தார் என்பதை நினைக்கும்போது நம் நெஞ்சம் கனக்கிறது. ஆயிரம் வீரரை நடத்திய தளபதியால் தம் நண்பரை மீட்க இயலவில்லை. டிலனாய்க்கும் துன்பம் வந்தது; அவரது மகன் யோவான் 1765-ல் களக்காட்டுப் போரில் மடிந்தார். 1777 ஜூன் 1-ல் அவரும் மறைந்தார். உதயகிரியிலுள்ள அவரது கல்லறையில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன.

அவர் விதைத்தது ஒரு சொல்லே. அது 2022-ஆம் ஆண்டு புனிதர் பட்டம் பெற்ற வேதசாட்சியாக விளைந்தது. விதைப்பவர் நாம், விளையச் செய்பவர் இறைவன். பெற்றோரே, பிள்ளைக்கு இடும் பெயரின் வரலாற்றையும் சொல்லிக் கொடுங்கள். துயருற்ற அயலானிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசுங்கள். நம் பங்கிலும் நற்கதிர்கள் விளைய இறைவன் அருள்வாராக!