தோட்டாவின் வேகத்தை முதலில் துல்லியமாக அளந்தவர் கடலூரில் இறந்தது ஏன்? யார் இந்த பெஞ்சமின் ராபின்ஸ்?

2018 ஏப்ரலில் நாட்டின் பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சி நான்கு நாள் நடந்ததே, அந்தத் திருவிடந்தை ஞாபகம் இருக்கா? அங்கிருந்து ஈசிஆரில் தெற்கே போய், புதுச்சேரியைத் தாண்டினால் கடலூர். அங்கே தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையில்தான், நவீன துப்பாக்கி அறிவியலுக்கு அடித்தளம் போட்டவர் உயிரிழந்தார்.

வேலை கிடைக்கல, புத்தகம் வந்தது

1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரில், எளிய குவாக்கர் குடும்பத்தில் பிறந்தவர் ராபின்ஸ். கணிதத்தில் புலி. 20 வயதிலேயே ராயல் சொசைட்டி உறுப்பினர். 1741-ல் உல்விச் ராணுவ அகாடமியில் பேராசிரியர் வேலைக்கு முயன்றார், வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டே பீரங்கி அறிவியல் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார். பெரும் கணித மேதை ஆய்லரே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, நீண்ட விளக்கமும் எழுதினார்.

வேகத்தை எப்படி அளந்தார்?

கேமராவோ சென்சாரோ இல்லாத காலம். ஒரு கனமான மரக்கட்டையை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டு, அதில் சுட்டார். குண்டு பதிந்ததும் கட்டை எவ்வளவு தூரம் ஆடியது என்று பார்த்து, குண்டின் வேகத்தைக் கணக்குப் போட்டார். காற்று குண்டை எவ்வளவு கடுமையாகத் தடுக்கிறது என்பதும் இதில்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

மருந்தில்தான் விஷயமே

வெடிமருந்தின் ஈரத்தையும் அவர் விடவில்லை. உலர்ந்த காலத்தில் குண்டை நொடிக்கு 1,700 அடி வேகத்தில் தள்ளும் அதே அளவு மருந்து, ஈரமான காலத்தில் 1,200, 1,300 அடியைத்தான் தரும் என்று கண்டார்.

அதனால என்ன? மெதுவாகப் போகும் குண்டு இலக்கை அடைய அதிக நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுக்க புவியீர்ப்பு அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், வேகம் 1,700-லிருந்து 1,200 ஆனால், குண்டு கீழே இறங்கும் அளவு இரண்டு மடங்காகிவிடும். குறி சரியாக இருந்தும் குண்டு இலக்குக்குக் கீழே போகும்.

அவர் காலத்தில் சிக்கிமுக்கிக் கல்லின் பொறிதான் மருந்தைப் பற்றவைத்தது. இன்று அந்த வேலையை கேட்ரிட்ஜின் அடியில் இருக்கும் பிரைமர் செய்கிறது. ஒரே மருந்து, ஒரே அளவு என்றாலும், பிரைமரின் தீ ஒரு தோட்டாவில் வேகமாகவும் இன்னொன்றில் மந்தமாகவும் பிடித்தால், அழுத்தம் மாறும், வேகமும் மாறும். சக்தி அதிகமான மருந்தை விட, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எரியும் மருந்தும் பிரைமரும்தான் துல்லியத்துக்கு முக்கியம். தோட்டாக்களைச் சோதிப்பவர்கள் இன்றும் முதலில் வேகத்தை அளப்பது இதற்காகத்தான்.

குழலுக்குள் சுருள் வரிகள் வெட்டி குண்டைச் சுழலவிடும் ரைஃபிள்தான் எதிர்காலம் என்று 1747-லேயே வாதிட்டவரும் ராபின்ஸ்தான். படைகள் பெருமளவில் ரைஃபிளுக்கு மாற இன்னும் 100 ஆண்டுகள் ஆயின.

சோழமண்டலக் கரையில் ஒரே ஒரு வருஷம்

1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1749-ல் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. கோட்டைகளைப் பலப்படுத்த, கிழக்கிந்திய கம்பெனி ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750 ஜூலையில் வந்திறங்கினார். சென்னை, கடலூர் கோட்டைகளுக்குத் திட்டங்கள் தயாரித்தார். வேலை முடியும் முன்பே காய்ச்சல் அவரைச் சாய்த்தது. 1751 ஜூலை 29-ல் இறந்தபோது வயது 44.

அவர் பலப்படுத்த நினைத்த கடலூர் கோட்டையை 1758-ல் பிரெஞ்சுப் படை கைப்பற்றி இடித்தது. ஒரு வணிக கம்பெனி இந்த மண்ணைப் பிடிக்கவும் அவருடைய அறிவு பயன்பட்டது. அதே கணக்குதான் இன்று பள்ளி இயற்பியல் வகுப்புகளில் ஊசல் சோதனையாகப் பாடமாக இருக்கிறது.