கடல் கடந்த வக்கீல் மிஹிர் சென்

(இறுதியாண்டு, டெக்ஸ்டைல் டெக்னாலஜி)



ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் இந்தியர் யார்? பொது அறிவுப் புத்தகங்களில் தவறாமல் வரும் கேள்வி இது. விடை மிஹிர் சென், ஆண்டு 1958. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற அண்ணன்மாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். சில புத்தகங்களில் முதல் ஆசியர் என்றும் போட்டிருக்கும். அது தவறு. அன்றைக்குக் கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கதேசத்தைச் சேர்ந்த பிரஜேன் தாஸ் அதே 1958 ஆகஸ்டு மாதத்தில், சென்னுக்கு முன்னாடியே கடந்துவிட்டார்.

அந்த ஒரு வரி விடையோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் அந்த மனிதர் அந்தக் கடலுக்குள் எப்படி இறங்கினார், இறங்குவதற்கு முன்னாடி கையில் என்ன வைத்திருந்தார், வெற்றி பெற்ற பிறகு என்ன ஆனார் என்பதெல்லாம் பனியன் ஊரில் படிக்கிற நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

1930 நவம்பர் 16 அன்று, இன்றைய மேற்கு வங்கத்தில் இருக்கும் புருலியாவில் மிஹிர் சென் பிறந்தார். அப்பா டாக்டர். டாக்டர் வீடு என்றால் வசதி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சின்ன ஊரில் பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஒரிசாவில் இருக்கும் கட்டாக் நகரத்துக்குக் குடி போனால்தான் பையன் படிப்பான் என்று அம்மா லீலாவதி முடிவு செய்தார். அதற்குப் பணம்? பாலும் முட்டையும் விற்றுச் சேர்த்தார் அந்தத் தாய். மிஹிருக்கு எட்டு வயதாக இருக்கும்போது குடும்பம் கட்டாக்குக்குக் குடியேறியது. பாரிஸ்டர் மிஹிர் சென் என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் முதல் முதலீடு அந்த முட்டைக் காசுதான். செக்கிங் வேலைக்குப் போய்ச் சனிக்கிழமை சம்பளத்தில் ஃபீஸ் கட்டுகிற அம்மாக்கள் நம்ம காலேஜிலேயே எத்தனையோ பேருக்கு இருக்காங்க. அவங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

உத்கல் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் வாங்கினார். இங்கிலாந்து போய் பாரிஸ்டர் ஆக வேண்டும் என்பது ஆசை. கையில் காசில்லை. அப்போது உதவியவர் பிஜு பட்நாயக், பின்னாளில் ஒரிசாவின் முதலமைச்சர் ஆனவர். அவர் கொடுத்தது ஒரு சூட்கேஸ், பத்துப் பவுண்டு, கப்பலில் மூன்றாம் வகுப்பு டிக்கெட். அதுவும் போவதற்கு மட்டும்! திரும்பி வருவதற்கு இல்லை. 1950இல் கப்பல் ஏறினார்.

லண்டனில் பகலில் படிப்பு, ராத்திரி ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கும் போர்ட்டர் வேலை. பிறகு இந்தியத் தூதரகமான இந்தியா ஹவுஸில் ஒரு வேலை கிடைத்தது. லிங்கன்ஸ் இன் சட்டக் கல்லூரியில் சேர்ந்து 1954இல் பாரிஸ்டர் ஆனார். வேறு யாராக இருந்தாலும் இத்தோடு வந்த வேலை முடிந்தது என்று ஊர் திரும்பியிருப்பார்கள்.

இடையில் ஒரு செய்தியைப் படித்திருந்தார். ஃப்ளோரன்ஸ் சாட்விக் என்ற அமெரிக்கப் பெண்மணி 1950இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த செய்தி அது. சுதந்திரம் வாங்கிச் சில வருஷமே ஆன நாடு. நம்மால் முடியாதா என்ற ரோஷம் வந்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது அவருக்குச் சரியாக நீச்சலே தெரியாது! ஒய்.எம்.சி.ஏ. நீச்சல் குளத்தில் போய் முறையாகக் கற்றுக்கொண்டார்.

அவர் அங்கே கற்றது ஃபிரீஸ்டைல் நீச்சல். ஃபிரீஸ்டைல் என்றால் நீந்துகிறவர் தனக்குப் பிடித்த முறையில் நீந்தலாம் என்றுதான் போட்டி விதி. ஆனால் வேகமான முறை கிரால் என்பதால் எல்லோரும் அதையே நீந்துகிறார்கள். முகம் தண்ணிக்குள் இருக்க, கைகள் மாறி மாறித் தலைக்கு மேலே வந்து தண்ணியைப் பின்னால் தள்ள, கால்கள் மேலும் கீழும் உதைத்துக்கொண்டே இருக்க, மூச்சுக்கு மட்டும் தலையைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். நம்ம பக்கம் தோட்டத்துக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிப் பழகின பசங்க பாதிப்பேர் தலையைத் தூக்கிக்கொண்டு நாய் நீச்சல்தான் அடிக்கிறோம். கிணற்றுக்கு அது போதும். முப்பது கிலோமீட்டருக்குக் கழுத்து தாங்காது. 1875இல் இந்தக் கால்வாயை முதல்முதலில் கடந்த கேப்டன் மாத்யூ வெப், மார்பு நீச்சலில்தான் கடந்தார். அவருக்கு ஏறக்குறைய 22 மணி நேரம் ஆயிற்று.

ஆங்கிலக் கால்வாய் என்றதும் நம்ம பி.ஏ.பி. வாய்க்கால் மாதிரி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பெயர்தான் கால்வாய், ஆள் கடல்! குறுகலான இடத்திலேயே 33 கிலோமீட்டருக்கு மேல். குளிர் எலும்புக்குள் இறங்கும். அதற்காக உடம்பெல்லாம் கிரீஸ் தடவிக்கொண்டு இறங்குவார்கள். கூட வரும் படகிலிருந்து சாப்பாடு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் படகைத் தொடக்கூடாது. தொட்டால் அத்தோடு முயற்சி முடிந்தது. எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி நீரோட்டம். சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டம் திசை மாறும். நேராக நீந்துகிறோம் என்று ஆள் நினைப்பார், கடல் அவரை முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று இழுத்துக்கொண்டு போகும். கரை கண்ணுக்குத் தெரியும், ஆனால் பக்கத்தில் வராது.

1955இல் மிஹிர் சென் முதல் முயற்சியில் தோற்றார். அதற்குப் பிறகும் தோற்றார். ஒவ்வொரு முயற்சிக்கும் படகு வாடகை, வழிகாட்டி, பயிற்சி என்று செலவு வேறு. விடவில்லை. 1958 செப்டம்பர் 27 அன்று டோவரிலிருந்து பிரான்சு நாட்டின் கலே கரைக்கு 14 மணி 45 நிமிடத்தில் நீந்திச் சேர்ந்தார். நம்ம கணக்கில் ஏறக்குறைய இரண்டு ஷிப்ட், நடுவில் டீ பிரேக் கிடையாது. இந்திய அரசு 1959இல் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. அதே ஆண்டு கல்கத்தாவைச் சேர்ந்த ஆரதி சாஹா கால்வாயைக் கடந்து முதல் ஆசியப் பெண்மணி ஆனார்.

நாடு திரும்பிய சென் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகத் தொழில் செய்தார். நீச்சல் வீரர் என்ற பெயரோடு அவர் அப்படியே இருந்திருக்கலாம். அடுத்து அவர் கண் போட்டது நம்ம பாக் நீரிணை மேல்!

இலங்கையின் தலைமன்னாருக்கும் நம்ம தனுஷ்கோடிக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் கடல். ஆனால் இதில் இறங்குவதற்கே முதலில் பணம் வேண்டியிருந்தது. கூடவே வந்து வழிகாட்டிக் கணக்கு எடுக்கக் கடற்படைக்கு 45,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றார்கள். 1966இல் 45,000 ரூபாய்! அவர் தொடங்கிய எக்ஸ்புளோரர்ஸ் கிளப் திரட்டப் பார்த்தது, ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை ஒரு பங்கு கொடுத்தது, மீதிக்குப் பிரதமர் இந்திரா காந்தி கை கொடுத்தார். பட்நாயக்கின் பத்துப் பவுண்டிலிருந்து பிரதமர் வரைக்கும், ஒவ்வொரு தண்ணீரிலும் இறங்குவதற்கு அவர் யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. கேட்பதற்குக் கூச்சப்படவில்லை. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த குணம் இதுதான். ஸ்காலர்ஷிப் ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் தயங்கி நின்றவர்களுக்கு இது புரியும்.

1966 ஏப்ரல் 5 அன்று தலைமன்னாரில் இறங்கினார். சுகன்யா, சாரதா என்ற இரண்டு கடற்படைக் கப்பல்கள் கூட வந்தன. பகலும் இரவும் நீந்தி, மறுநாள் தனுஷ்கோடி மண்ணை மிதித்தபோது 25 மணி 36 நிமிடம் ஆகியிருந்தது. அவரை வரவேற்க அங்கே ஊர் இல்லை. 1964 டிசம்பர் புயலில் கோவிலும் சர்ச்சும் ரயில் நிலையமும் போய், தனுஷ்கோடி வெறும் மணல்மேடாகக் கிடந்த நேரம் அது.

இங்கே நம் தமிழர்களையும் சொல்லியாக வேண்டும். சென்னுக்கு முன்பே, 1954இல், நவரத்தினசாமி என்ற ஈழத்துத் தமிழர் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி வந்துவிட்டார். 1971இல் அதே வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் போகவும் வரவும் சேர்த்து 51 மணி நேரத்தில் நீந்தினார். அவரும் ஒரு வக்கீல்! அந்த ஆனந்தன் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரை விட்டார். கடல் எல்லோரையும் கரை சேர்ப்பதில்லை.

பாக் நீரிணையோடு சென் நிற்கவில்லை. அதே 1966 ஆகஸ்டில் ஜிப்ரால்டர் நீரிணையை 8 மணி 1 நிமிடத்தில் கடந்தார். செப்டம்பரில் துருக்கியின் டார்டனெல்ஸ், 13 மணி 55 நிமிடம். அதே மாதம் பாஸ்பரஸ், 4 மணி நேரம். அக்டோபர் கடைசியில் பனாமா கால்வாய். கப்பல்களைத் தண்ணீரை நிரப்பி மேலே ஏற்றி இறக்கும் பெரிய மதகுகள் உள்ள கால்வாய் அது. முழு நீளத்தையும் 34 மணி 15 நிமிட நீச்சலில் முடித்தார். அமெரிக்கர் அல்லாத ஒருவர் அதை நீந்தியது அதுவே முதல் முறை. ஒரே ஆண்டில் ஐந்து! 1967இல் பத்மபூஷண் வந்தது.

நண்பர்களே, பொது அறிவுப் புத்தகம் இத்தோடு முடிந்துவிடும். நமக்கு வேண்டிய பகுதி இனிமேல்தான்.

மிஹிர் சென் ஏற்றுமதியாளர் ஆனார். பட்டுத் துணி ஏற்றுமதி. சொந்தத் தொழிற்சாலை, வெளிநாட்டு ஆர்டர், ஷிப்மெண்ட் என்று நாம் தினமும் கேட்கிற அதே உலகம். நாட்டின் இரண்டாவது பெரிய பட்டு ஏற்றுமதியாளர் என்று அரசே அங்கீகரிக்கும் அளவுக்கு வளர்ந்தார். 1977க்குப் பிறகு அது சரிந்தது. வேலை நிறுத்தம், தகராறு, கதவடைப்பு, வழக்கு, வரிச் சோதனை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்த ஆண்டு ஆட்சிக்கு வந்த கட்சிக்குத் தேர்தல் பிரசாரம் செய்ய அவர் முன்பு மறுத்ததுதான் காரணம் என்பது அவர் தரப்பில் சொல்லப்படுவது. தொழிலாளி வீட்டுப் பிள்ளையான எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் ஒரு கதை இருந்திருக்கும். அதை நான் எங்கும் படிக்கவில்லை.

கம்பெனி மூடினால் என்ன ஆகும் என்று நம்ம ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடினபோது அப்பா வேலை பார்த்த பட்டறையும் மூடினது. எனக்கு அப்போ மூணு வயசு. நொய்யல் கெட்டதுக்கு அந்த உத்தரவு தேவைதான் என்று இன்றைக்குப் படித்துப் புரிந்துகொள்கிறேன். ஆனால் அந்த வருஷத்தைப் பற்றி வீட்டில் இன்னமும் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. மிஹிர் சென் முதலாளி, எங்கப்பா கூலிக்காரர். இருந்தாலும் பூட்டின வாசலுக்கு முன்னால் நிற்கும்போது பத்மபூஷண் விருதும் ஒன்றும் செய்வதில்லை என்பது அவர் கதையில் தெரிகிறது.

பாக் நீரிணையில் 25 மணி நேரம் தாங்கின உடம்பு அதற்கப்புறம் தாங்கவில்லை. கடைசிக் காலத்தில் நினைவு தவறும் அல்சைமர் நோயும், கைகால் நடுக்கும் பார்க்கின்சன் நோயும் சேர்ந்து வந்தன. எந்தக் கடலை எத்தனை மணிக்குக் கடந்தோம் என்று சொல்லவேண்டிய மனிதருக்கு ஞாபகமே போய்விட்டது. பத்திரிகைகளும் அவரை மறந்திருந்தன.

1994இல் ஒரு பையன் ஒரே ஆண்டில் ஆறு கடல் நீச்சல்களை முடித்து, சென்னின் ஐந்து என்ற கணக்கைத் தாண்டினான். வயது பன்னிரண்டு. பெயர் குற்றாலீஸ்வரன், பிறந்தது நமக்குப் பக்கத்து ஈரோட்டில். தமிழ்நாடே கொண்டாடியது. அவன் தாண்டியது யாருடைய சாதனையை என்று அன்றைக்கு எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ! மிஹிர் சென் அப்போது உயிரோடு இருந்தார். அதன் பிறகு மூன்று வருஷம் கழித்து, 1997 ஜூன் 11 அன்று, கல்கத்தாவில் காலமானார். வயது 66.