தன் கணிப்பையே சந்தேகித்த டாக்டர்

ஆர்ச்சி காக்ரேன் 1909-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1941-இல் கிரீட் தீவில் ஜெர்மன் படையிடம் பிடிபட்டு, சலோனிகா முகாமில் கைதிகளுக்கு டாக்டரானார். சுமார் 20,000 பேர், நாளுக்கு 600 கலோரி சாப்பாடு, டைபாய்டு, டிப்தீரியா. கையில் ஆஸ்பிரின் மாதிரி சில மருந்துதான். டிப்தீரியாவில் மட்டுமே நூற்றுக்கணக்கானோர் சாவார்கள் என்று எதிர்பார்த்தார். இறந்தது நாலே பேர். அதிலும் மூவர் துப்பாக்கிச் சூட்டில்.

கணிப்பு தப்பியதை அவர் மறைக்கல. 1972-இல் வந்த தன் புத்தகத்திலேயே எழுதினார். முகாமில் கால் வீங்கிய 20 பேரை வைத்து நடத்திய ஈஸ்ட் சோதனையையும், தான் செய்ததிலேயே மோசமானது என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்காமல் இருக்கிறோமே என்று 1979-இல் சக டாக்டர்களைக் கடிந்தார். 1988-இல் மறைந்தார். 1993-இல் அவர் பெயரிலேயே காக்ரேன் அமைப்பு பிறந்தது.

நோய்க் கணிப்பு ஆய்வுகளை எடைபோட 2019-இல் ப்ரோபாஸ்ட் என்ற கருவி வந்தது. அது பார்ப்பது நாலு விஷயம். யாரை வைத்துச் செய்தார்கள்? எதை வைத்துக் கணித்தார்கள்? விளைவை எப்படி அளந்தார்கள்? கணக்கு போட்ட விதம் சரியா? கோவிட் நேரத்தில் குவிந்த கணிப்பு மாதிரிகளில் பெரும்பாலானவை இதில் தேறல.

வெளிநாட்டில் வாழும் நமக்கு முதல் கேள்விதான் முக்கியம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில், பெரும்பாலும் வெள்ளையரை வைத்துப் போட்ட மாரடைப்புக் கணக்கு நம்ம அப்பா அம்மாவுக்கு அப்படியே பொருந்துமா? அடுத்த முறை டாக்டர் ஒரு சதவீதம் சொன்னால், அது யாரை வைத்துப் போட்டது என்று தயங்காமல் கேளுங்க.