தேநீருக்கு நூல் செய்தவர்

கி.பி. 733 அளவிற் பிறந்து, பெற்றோராற் கைவிடப்பட்டுச் சீன தேசத்தின் ஜிங்லிங் ஊரிலே கண்டெடுக்கப்பட்ட குழந்தை லூ யூ. பௌத்த துறவியொருவர் அவரை மடத்திற் சேர்த்து வளர்த்தார். துறவு பூண மறுத்துக் கன்பூசியர் நூல்களைக் கற்க விழைந்தமையால், மாடு மேய்த்தல் முதலிய கடும் பணிகள் அவர்மீது சுமத்தப்பட்டன. மடத்தை விட்டோடிய சிறுவர், திக்குவாயராயிருந்தும், நாடகக் குழுவொன்றில் விதூஷகரானார். அவர்தம் திறமை கண்ட ஆளுநர் ஒருவர் நூல்கள் தந்து கல்விக்கு வழிசெய்தார்.

755இல் ஆன் லூஷான் கலகம் மூண்டது. தெற்கே பெயர்ந்த லூ யூ, 760 அளவில் ஹூஜௌவிற் குடியமர்ந்தார். தேயிலை பற்றிய முதற் பெருநூலாகிய ‘சா ஜிங்’ பத்து அத்தியாயங்களாக உருப்பெற்றது.

அக்காலத்தவர் தேயிலையோடு வெங்காயம், இஞ்சி, இலந்தை, தோடம்பழத்தோல் முதலியன சேர்த்துக் கஷாயம்போற் காய்ச்சினர். அது வாய்க்காலிற் கொட்டும் கழிவுக்கு ஒப்பென இகழ்ந்த லூ யூ, சிறிது உப்பை மட்டுமே ஏற்றார். மலைநீர் தலை, ஆற்றுநீர் இடை, கிணற்றுநீர் கடை என வகுத்தார். மீன்கண் போன்ற குமிழி தோன்றுவது முதற்கொதி. ஓரத்தில் முத்துக்கோவை எழுவது இரண்டாங்கொதி. அப்போது ஓர் அகப்பை நீரை எடுத்து வைத்துத் தேயிலைத் தூளை இடவேண்டும். அலையெனப் பொங்குவது மூன்றாங்கொதி. எடுத்த நீரை வார்த்து அதனை அடக்கவேண்டும். அதற்குமேற் கொதித்த நீர் பருகற்பாலதன்று.

அரச பதவியை நாடாது வாழ்ந்து 804இல் மறைந்த அவரைப் பின்னாளிற் தேயிலை வணிகர் உருச்செய்து வழிபட்டனர். பிறப்பால் ஒரு குடிப்பெயரும் பெறாதவர், கலப்பில்லாச் சுவையொன்றின் பெயராய் நிலைத்தார்.