அதிர்வைத் துருவிய நம்மூர்க்காரர்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டினால் திருவானைக்கோவில். சர் சி.வி. ராமன் 1888 நவம்பர் 7-ஆம் தேதி பிறந்தது அங்கேதான். நோபல் பரிசு, ஒளிச்சிதறல் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் நண்பர்களே, மெக்கானிக்கல் படிக்கிற நமக்கு அவர் நெருக்கமாவது அதற்கு முன்னாடி பார்த்த வேலையில்தான். அது அதிர்வு!

அப்பா சந்திரசேகர ஐயர் ஆசிரியர். விசாகப்பட்டினத்தில் பள்ளிப் படிப்பு, சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. 1907-ல் நிதித்துறைப் பரீட்சை பாஸ் பண்ணி, கல்கத்தாவில் பெரிய அரசு உத்தியோகம். மனுஷன் அதோடு திருப்திப்பட்டாரா? பவ்பஜார் தெருவிலிருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்துக்கு, ஆபீசுக்கு முன்னால் காலையிலும் ஆபீஸ் விட்டு சாயங்காலத்திலும் ஓடுவார். பல வருஷம் இப்படி!

அங்கே அவர் துருவியது வயலின் தந்தி. வில் ஒரே சீராக ஒரே பக்கம் போகிறது. தந்தி மட்டும் ஏன் முன்னும் பின்னும் ஆடுகிறது? வில்லோடு ஒட்டிக் கொஞ்ச தூரம் போகும், சட்டென்று வழுக்கித் திரும்பும், மறுபடி ஒட்டும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் முன்பே கண்டதுதான். அதற்கு முழுக் கணக்கையும் 1918-ல் ராமன் போட்டார். அப்புறம் வில்லை அசையாமல் வைத்து வயலினை நகர்த்துகிற மெஷினையும் செய்து பார்த்தார்!

சீரான ஓட்டம் ஆட்டமாக மாறுவது தண்ணீருக்குள்ளும் உண்டு, காரணம்தான் வேறே. ஓடுகிற ஆற்றில் ஓர் உருண்டைக் கம்பத்தை நட்டால், பின்னால் சுழல்கள் இடமும் வலமும் மாறி மாறிப் பிரியும். 10 செ.மீ. கம்பம், விநாடிக்கு 1 மீட்டர் ஓட்டம் என்றால் கம்பம் விநாடிக்கு ஏறக்குறைய 2 தடவை பக்கவாட்டில் தள்ளப்படும். கம்பத்தின் இயற்கை அதிர்வெண்ணும் அதுவானால் ஆட்டம் பலமாகும். எஞ்சினியர்களுக்கு இது தலைவலி. மிச்சிகன் பல்கலைக்கழகத்து பெர்னிட்சாஸ் இந்தத் தலைவலியையே வேலை வாங்கினார்: உருளையை ஸ்பிரிங்கில் மாட்டி ஆடவிட்டு, ஜெனரேட்டரை ஓட்டினார். டர்பைனுக்குப் போதாத மெதுவான நீரோட்டத்திலும் இது ஆடும். 2008-ல் உலகமே பேசியது. ராமன் இதைத் தொட்டவரில்லை. ஆனால் ஆட்டத்துக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அவருடையதும்தான்.

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி கொடுத்தது. சம்பளம் குறைவு. ஆனாலும் அரசு வேலையை விட்டார். வீட்டில் என்ன சொன்னார்களோ! 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல். 1933-ல் பெங்களூர் போன பிறகும் மிருதங்கத்தை விடவில்லை. அதன் கரணைதான் சுருதி சேர்க்கிறது என்று எழுதினார்.

1970 நவம்பர் 21-ல் காலமானார். அவர் நிறுவிய ஆராய்ச்சிக் கழகத் தோட்டத்திலேயே தகனம். நினைவுச் சின்னம் கட்டவில்லை. ஒரு மரம் நட்டார்கள்.